கிணற்றடிக் கல்

நெடுங்கேணி வீதியில் அந்தக் கம்பிவேலியைத் தாண்டி எத்தனை வருடம் பஸ்ஸில் போயிருப்பேன்! ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. பழைய கல்லைப் பார்த்தால் வயிறா நிறையப்போகிறது என்ற எண்ணம்தான். போன மாசியில் அந்த வேலிக்கு முன்னாலேயே என் உழவு இயந்திரத்தின் டயர் காற்றுப் போய்விட்டது. ஒட்டுகிறவன் வரும்வரை வெயிலில் நிற்க மனமில்லாமல் உள்ளே போனேன்.

உள்ளே ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளம். தொல்பொருள் திணைக்களத்தார் சருகு கூட்டி, சாய்ந்த தூண்களை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, வடிவாகத்தான் இருந்தது. வாசற்படி மூன்றில் நடுப்படியைக் காணவில்லை. மற்ற இரண்டிலும் படர்கொடி செதுக்கியிருந்தது. மழையில் பாதி கரைந்துபோன கொடி. அதைக் கண்டதும் குனிந்து தடவிப் பார்த்தேன். எங்கள் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லின் அடியிலும் அப்படியொரு கொடி உண்டு, சின்ன வயதில் கண்டது.

அந்தக் கல்லைப் போட்டவர் அப்பா. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டியவர். செதுக்கியிருப்பதால் கோயில் கல்லாக இருக்கும், கால் படக்கூடாது என்று அந்தப் பக்கத்தைக் கவிழ்த்துவிட்டு, முதுகில் தோய்க்க விட்டார். எங்கிருந்து எடுத்தார் என்று அவர் இருக்கும்போது நான் கேட்டதில்லை. இங்கிருந்துதான் கொண்டு வந்திருக்கிறார் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

கல்லைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று வீட்டில் சொன்னேன். மனைவி தோய்த்துக்கொண்டிருந்த சாரத்தை அப்படியே போட்டுவிட்டு எழும்பினாள்.

“உங்களுக்கென்ன விசரே? வாயைத் திறந்தியள் எண்டால் நாளைக்குத் தொல்பொருள்காரர் எங்கட வயலுக்கையும் பலகை நட்டு மறிச்சுப்போடுவினம். பிறகு எங்க விதைக்கிறது?”

“அங்கத்தக் கல்லைத்தானே குடுக்கப்போறம். வயலுக்கென்ன?”

“குடுத்துப்போட்டு வேற கதை கதையாமல் வாங்கோ.”

பயம் எனக்கும் இருந்தது. இருக்கிற மூன்று ஏக்கரும் போனால் எங்கே போவது? ஆனாலும் அடுத்தநாள் காலையில் அந்தக் கல்லில் நின்று முகம் கழுவ மனம் வரவில்லை. அலவாங்கு போட்டுக் கல்லைப் புரட்டினேன். போனில் படம் எடுத்து, நீளத்தைக் கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கிருந்த காவலாளி கயிற்றைப் படிகளுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தார். ஒரு முழம் மிச்சம். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“அண்ணை, இது இந்த இடத்துக் கல் இல்லை. இஞ்ச கொடி மட்டும்தான். உங்கடதில பூவும் கிடக்கு. ஐயோ, என்ன வடிவு! ஒரு இதழ்கூட அழியேல்லை.”

அப்பாடா என்று இருந்தது. கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன்.

“அப்ப இது எங்க கிடந்தது?” என்று கேட்டார்.

அந்த நாளில் அப்பாவிடம் வண்டிலும் இல்லை, மாடும் இல்லை. கத்தியும் கோடரியும்தான். அவ்வளவு பாரமான கல்லை நாலு கட்டை தூரம் எப்படி இழுத்திருப்பார்? வெட்டின காட்டுக்குள்தான் எடுத்திருக்கிறார். அந்தக் காடுதான் இன்றைக்கு எங்கள் வயல். இவ்வளவும் எனக்கு அப்போதுதான் ஓடியது.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. காவலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை, இன்னும் அந்தப் பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கட வயலுக்கைதான்” என்றேன்.

அவர் கொப்பியை எடுத்து விரித்து, வயல் எந்தப் பக்கம் என்று கேட்டார். பேனையைத் திறக்கும்வரை பொறுத்திருந்து சொன்னேன்.