அத்தை மகனின் இரண்டு பலகைகள்

எனக்கு ஒரு பம்பரம் செய்து தருவதாகச் சொல்லிவிட்டு, செய்யாமலேயே ஒரு வருஷத்தை ஓட்டியவர் என் அப்பா. ஆகவே ஒரு நாள் சாயங்காலம் அவர் தறிக்குழியிலிருந்து ஏறிவந்து, வாசலில் நீளமாக ஒரு பலகையைப் போட்டு இழைக்க ஆரம்பித்ததும், மனிதர் மனம் திருந்திவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் யார் எதைச் செய்தாலும் நாலு பேர் வந்து நிற்பார்கள். "இன்னாபா, கதவா?" என்று கேட்டார்கள். கடலில் அலைமேல் ஏறிப் போகிற பலகை என்று அப்பா சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. மரம் கல்யாணமுருங்கை. காய்ந்துவிட்டால் அதற்கு எடை என்பதே கிடையாது. முன்பக்கம் குவிந்து, நடுவில் அகன்று அது நீண்டுகொண்டே போயிற்று. அது முடிந்ததும் இன்னொன்று, குட்டையாக, ஒடுக்கமாக. அப்பா உள்ளே போன சமயம் பார்த்து நான் இரண்டின் மேலும் படுத்துப் பார்த்தேன். நீளமானது, கையை நீட்டினால் விரல் நுனிவரைக்கும் வந்தது. குட்டையானது மார்புக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது. எனக்கும் மகாபலிபுரத்து அத்தை மகனுக்கும் ஒரே உயரம் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. காஞ்சிபுரத்தில் கடல் கிடையாது என்ற குறையையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், இரண்டும் எனக்குத்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தேன்.

எங்கள் தெருக்காரர்களுக்கு எந்தப் பொருளானாலும் கஞ்சி போட்டால்தான் மனம் ஆறும். தறியில் ஏற்றும் பட்டுப் பாவு நூலுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சியை அப்பா பலகைகளுக்கும் தடவி, வெயிலில் காயவைத்து, தேங்காய் எண்ணெய் விட்டு மினுக்கினார். குட்டைப் பலகையின் ஓரத்தில் அரக்கு நிறத்தில் புடவைக் கரை மாதிரி ஒரு கோடும் இழுத்தார். அந்தக் கோட்டைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும், அப்பா இரண்டையும் பழைய புடவையில் சுற்றிக் கட்டினார். "அத்தை பையனுக்குடா. தாய்மாமன் சீர்" என்றார். நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுத அழுகைக்கு எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அத்தை, அப்பாவுக்குத் தங்கை. மகாபலிபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர். அத்தையின் கணவர் அதற்கு முந்தைய வருஷம் காய்ச்சலில் இறந்துபோயிருந்தார். அந்தச் சாவுக்குப் பிறகு அப்பா அடிக்கடி அங்கே போய்வந்தார். அப்படிப் போன ஒரு சமயம்தான் அத்தை மகன், கடற்கரையில் வந்து தங்கியிருந்த சடைமுடி வெள்ளைக்காரன் ஒருவன் பலகைமேல் நின்று அலையில் வந்ததைச் சொல்லி, மணலில் வரைந்தும் காட்டியிருக்கிறான். அப்பா அவனை மணலில் படுக்கவைத்து நூலால் அளவெடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். என்னை எதற்குமே அளவெடுத்ததில்லை. சட்டைகூட "வளர்ற பையன்" என்று குத்துமதிப்பாகத் தைத்ததுதான்.

பஸ் கூரைமேல் பலகைகளும், உள்ளே உம்மென்று நானுமாக மகாபலிபுரம் போய்ச் சேர்ந்தோம். அங்கே போனதும் அப்பாவுக்குக் குரலே மாறிவிட்டது. வீட்டில் என்னிடம் அவர் பேசுவதெல்லாம் "நூலை எடு", "விளக்கைத் தள்ளி வை" என்ற அளவில்தான். அத்தை மகனைப் பார்த்ததும், "இன்னா கண்ணு, இளைச்சிட்டே?" என்றார். அந்தக் 'கண்ணு' எங்கே இருந்தது இத்தனை நாளாக? அவன் இளைக்கவும் இல்லை. வெயிலில் கறுத்து, தோள் திரண்டு, பார்க்கச் சகிக்கவில்லை.

முதல் நாள் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. கஞ்சியும் எண்ணெயும் தண்ணீரில் ஊறி வழவழத்து, அவன் ஏறிப் படுத்த மாத்திரத்தில் முன்பக்கமாக வழுக்கிக் கடலுக்குள் போனான். மறுபடி ஏறினான், மறுபடி போனான். நான் கைதட்டினேன். அப்பா இரண்டு பலகைகளையும் மணல் போட்டுத் தேய்த்துக் கழுவி, அந்த வெள்ளைக்காரன் செய்ததாக அவன் சொன்னபடியே மெழுகுவத்தியைத் தேய்த்தார். அதோடு என் ஆறுதலும் முடிந்தது.

காலையில் எழுந்ததும் அத்தை மகன் பலகையைத் தொடமாட்டான். மணலில் குந்தி, பஞ்சாங்கம் பார்க்கிறவர் மாதிரி அலைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பான். பிறகுதான் ஒன்றைத் தேர்ந்தெடுப்பான். மறுநாள் காலை, காற்றில்லாமல் அலைகள் சின்னச் சின்னதாகச் சோம்பி வந்தன.

"இதுக்கு நீட்டுப் பலகைதான்டா. குட்டை முழுகிடும்" என்றான்.

கரை போட்ட அழகான பலகையைத் தானே வைத்துக்கொள்ளப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியாதா? நான் குட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனேன். அலை என்னைச் சட்டை செய்யாமல் கடந்து போயிற்று. பலகை எனக்கடியில் முழுகியது. நான் உப்புத் தண்ணீர் குடித்தேன். அவனோ நீளப் பலகைமேல் எழுந்து நின்று, அதே சோம்பல் அலையில் கரைவரைக்கும் வந்து இறங்கினான்.

சரி, நீளமானதுதான் நல்லது போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன். சாயங்காலம் கடற்காற்று எழுந்து, அலைகள் உயர்ந்து செங்குத்தாக மடிந்து விழுந்தன. இப்போது அவன் குட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, "இந்த அலையில நீட்டு மூக்கைக் குத்திக்கும்டா. வேணாம்" என்றான். காலையில் ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சு! அவன் சொல்வதைக் கேட்பதில்லை என்பது அன்றைக்கு என் கொள்கையாகிவிட்டிருந்தது. நீளப் பலகையோடு போனேன். அலையின் உச்சியிலிருந்து அது மூக்கைத் தண்ணீருக்குள் செருகிக்கொண்டு என்னைத் தூக்கி எறிந்தது. வாயெல்லாம் மணல். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் ஓடிவந்து என்னைத் தூக்கினார்.

தூக்கியவர் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். அத்தை மகன் குட்டைப் பலகைமேல் மண்டியிட்டு, மடிகிற அலையின் ஓரமாக நழுவி வந்துகொண்டிருந்தான். அரக்குக் கோடு நுரைக்குள் பளிச்சென்று தெரிந்தது. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். தறியோரம் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. என்னைத் தூக்கிய கையை உதறிவிட்டுக் கரைக்கு நடந்தேன்.

ஊருக்குத் திரும்புகிற அன்று காலை, கடைசி முறையாக நீளப் பலகைமேல் படுத்தேன். சின்ன அலைகள்தான். அத்தை மகன் கழுத்தளவுத் தண்ணீரில் பின்னால் நின்று, ஒவ்வோர் அலையாகப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, ஒன்று வந்ததும் "இப்ப!" என்று தள்ளினான். பலகை தானாக ஓட ஆரம்பித்தது. நான் எழுந்து மண்டியிட்டேன். ஒரு நொடி நின்றேன் என்றுகூடச் சொல்லுவேன். மணல் தட்டும்வரை போனேன். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் அதுவரை எனக்கு வாய்த்ததில்லை. அப்பா பார்த்தாரா என்று திரும்பினால், அவர் தலையைக் குனிந்துகொண்டு குட்டைப் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். பொங்கிய சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது.

மத்தியானம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். எனக்கு ஜன்னலோரம், பக்கத்தில் அப்பா. வழியனுப்ப அத்தை வந்து நின்றார். அத்தை மகன் இரண்டு பலகைகளையும் இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு வந்தான். போகிற நேரத்திலும் காட்டிக் காட்டி எரிச்சலூட்டத்தான் வந்திருக்கிறான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் ஜன்னலுக்குக் கீழே வந்தான்.

"ரெண்டையும் நீயே வச்சுக்கோடா. நீ இங்கயே இரு. நான் மாமாகூடப் போறேன்."

"நிஜமாவா?"

"சத்தியமா."

நான் இரண்டாம் யோசனை செய்யவில்லை. அப்பாவின் முழங்காலைத் தாண்டிக் குதித்து இறங்கினேன். பலகைகள் என் கைக்கு வந்தன. அவன் ஏறிப் போய் என் இடத்தில், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பலகைகளை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவற்றை மார்போடு அணைத்துக்கொண்டு, அவன் மனம் மாறுவதற்குள் வண்டி புறப்பட்டுவிட வேண்டுமே என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டு நின்றேன்.

"யார்பா வரது, யார்பா இறங்கறது?" என்று கண்டக்டர் கத்தினார். "இன்னாடா விளையாட்டு இது, இறங்குடா" என்று அத்தை ஜன்னல் வழியாக அவன் கையைப் பிடித்து இழுத்தார். அவன் கம்பியை விடவில்லை. அப்பாதான் அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். அவனை இறக்கிவிட்டு என்னை ஏற்றினார்கள். பலகைகள் தரையில் கிடந்தன. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

செங்கல்பட்டு வரும்வரை நான் கத்திக்கொண்டே வந்தேன். அவன் சத்தியம் செய்தான், பேசினது பேச்சுதானே என்றேன். அப்பா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, துண்டால் கண்ணைத் துடைத்தபடி வந்தார். வெளியே புழுதிக் காற்று.

செங்கல்பட்டு தாண்டியதும் எனக்குக் கோபம் அடங்கி, அவனை நினைத்துச் சிரிப்பு வந்தது. ஒரு ஜன்னலோர சீட்டுக்கு ஆசைப்பட்டு, அவ்வளவு நல்ல பலகைகளை, அதுவும் இரண்டையும், கொடுக்க வந்தானே, சரியான முட்டாள் என்று நினைத்துக்கொண்டே, அப்பாவின் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனேன்.