சாவியில் வைத்த பொட்டு

எங்கள் சித்தப்பா கார் வாங்கியதை நான் இன்றுவரை முழுமனதாக மன்னிக்கவில்லை. கைமாறி வந்த பழைய கார்தான். ஆனால் பட்டாபிராமில் எங்கள் வீட்டு மாடியிலேயே குடியிருந்துகொண்டு, எங்களிடம் பைக் மட்டும் இருக்கும்போது கார் வாங்குவது என்ன நியாயம்? என்னைவிட ஒரு வயது சின்னவளான சித்தப்பா மகள், அதன் ஜன்னலோர இடத்தைத் தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொண்டாள். பள்ளிக்கூட வாசலில் அவள் காரிலிருந்து இறங்குவதை, அப்பாவின் பைக்கில் தூசி விழுந்த கண்ணைக் கசக்கியபடி நான் பார்ப்பேன். வயிறு எரியும். எரிகிறது என்று அம்மாவிடமே ஒரு நாள் சொன்னேன். அவள் மோர் கொடுத்தாள்.

ஆயுத பூஜையன்று சித்தி காரைக் கழுவி, மாலை போட்டு, கைக்கு எட்டிய இடமெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஸ்டியரிங்குக்கு, கியருக்கு, சாவித் துளைக்கு, சாவிக்கும்கூட. எங்கள் பைக்குக்கு ஒரே ஒரு பொட்டு, அதுவும் மிச்சச் சந்தனத்தில்.

மறுநாள் எல்லோரும் காரில் திருவேற்காடு கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. அந்தக் காரில் அம்மா ஏறப்போவது அதுதான் முதல் தடவை. கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். சித்தப்பா சாவியைப் போட்டுத் திருகினார். திரும்பவில்லை. ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே திருகினார். அசையவில்லை. எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

சித்தி காரைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள்.

“நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு? எந்தக் கொள்ளிக்கண்ணு பட்டுச்சோ. கூடவே இருக்கிற கண்ணுதான் பொல்லாதது.”

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அப்பா குனிந்து, நன்றாக இருந்த டயரைச் சோதித்தார். எனக்கோ அந்தக் கண் என்னுடையது என்று தெரியும். இத்தனை பெரிய காரை நிறுத்திய கண்! பெருமையாக இருந்தது. சித்தி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். அதற்கும் சாவி மசியவில்லை.

கடைசியில் சேக்காட்டிலிருந்து மெக்கானிக் வந்தார். சாவியை உருவி முகர்ந்து பார்த்தார்.

“இன்னா சார், சாவிக்கு சந்தனம் பூசி அப்படியே சொருவிட்டீங்களா? உள்ள காஞ்சி கல்லு மாதிரி கீது. ஆயுத பூஜை முடிஞ்சா எனக்கு இதே வேலைதான்.”

துளைக்குள் ஸ்ப்ரே அடித்து, சாவியை நுழைத்து உருவி, நுழைத்து உருவி, ஒவ்வொரு முறையும் துணியில் துடைத்தார். துணி மஞ்சளானது. சாவி திரும்பியது, கார் உறுமியது. என் மகிமை அவ்வளவுதான்.

சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். “சீக்கிரம் ஏறுங்க, நேரமாச்சு” என்றாள். கொள்ளிக்கண்ணு பேச்சைச் சந்தனத்தோடு துடைத்துப் போட்டாயிற்று.

“எனக்குத் தலை வலிக்குது. நீங்க போயிட்டு வாங்க” என்றாள் அம்மா. சிரித்த முகம்தான். அப்பா ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்தார், பிறகு முன்சீட்டில் போய் உட்கார்ந்தார். அம்மா வராததால் பின்சீட்டின் இன்னொரு ஜன்னல் எனக்குக் கிடைத்தது. பட்டுப்புடவையோடு வாசலில் நின்றவளுக்கு நான் ராணி மாதிரி கையாட்டினேன்.

இனி கார் கிளம்பும்போதெல்லாம் அம்மாவுக்குத் தலை வலிக்க வேண்டும் என்று கோயிலில் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். அந்தக் காரை விற்கும் வரை அம்மா அதில் ஒரு நாளும் ஏறவில்லை. என் வேண்டுதல்தான் பலித்தது என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.