குச்சி குத்திய காது

காது மூக்கு தொண்டைப் படிப்பை முடித்துச் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்ந்த மறு வருஷம், என்னைக் கொல்லிமலைக்கு மூன்று நாள் முகாமுக்கு அனுப்பினார்கள். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. சேந்தமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மருந்துப் பெட்டியை ஓர் ஆள் சுமக்க, நடந்தே ஏறினோம். மலைமேல் பெரக்கரை நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் ஒரு ஓட்டுக் கட்டிடத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நெற்றியில் கட்டும் வட்டக் கண்ணாடியால் வெயிலைப் பிடித்துத்தான் காதுக்குள் வெளிச்சம் பாய்ச்ச வேண்டும்.

முதல் நாள் காலையில் ஒரு கிழவரின் மூக்கிலிருந்து அட்டை ஒன்றை இடுக்கியால் உருவி எடுத்தேன். ஓடையில் குனிந்து தண்ணீர் குடித்தபோது ஏறியது. ஒரு மாதமாக ரத்தம் வந்துகொண்டிருந்ததாம். அதைப் பார்த்ததும் கூட்டம் கூடிவிட்டது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

அந்தக் கூட்டத்தில் இருபது வயதிருக்கும் ஒரு பெண், இடது காதைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு புருஷனோடு வந்தாள். விறகு பொறுக்கும்போது குச்சி குத்திவிட்டது என்றான் அவன். அவளும் தலையாட்டினாள்.

பார்த்தேன். சவ்வு கிழிந்திருந்தது. குச்சி போயிருந்தால் வழியெல்லாம் கீறியிருக்கும். அங்கே ஒரு கீறல் இல்லை. விரித்த கையால் காதோடு சேர்த்து அறைந்தால்தான் அப்படிக் கிழியும். பாடத்தில் படித்ததை முதல்முறையாகக் கண்ணால் பார்க்கிற சந்தோஷம் எனக்கு. அவனுடைய வலது மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையை அவள் காதருகே கொண்டுபோனேன். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“இது குச்சி இல்லையப்பா. உன் கை” என்றேன், வரிசை முழுவதற்கும் கேட்கும்படி.

சிரித்தார்கள். ஊர்க்கவுண்டரும் அங்கேதான் நின்றிருந்தார். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நானாக விடும்வரை அப்படியே நின்றான்.

மருந்து எதுவும் வேண்டாம், சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் ஒரு மாதத்தில் சவ்வு தானே மூடிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். அன்று சாப்பிடும்போது இந்தக் கதையை என்னோடு வந்திருந்த கம்பவுண்டரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

மூன்றாம் நாள் நாங்கள் இறங்கக் கிளம்பும் நேரத்தில் அவளுடைய அண்ணன் அவளைக் கூட்டி வந்தான். இரண்டு காதும் கழுத்தும் கொப்பளித்திருந்தன. முகாமிலிருந்து திரும்பிய அன்றே புருஷன் விளக்கெண்ணெயைக் காய்ச்சியிருக்கிறான். டாக்டர்தான் மருந்து கொடுக்கவில்லையே, நான் கொடுக்கிறேன் என்று சொல்லி, அவளைக் கீழே தள்ளி, முழங்காலால் அழுத்திக்கொண்டு ஊற்றியிருக்கிறான். நன்றாக இருந்த வலது காதிலும்.

நான் கேட்டது எதுவும் அவள் காதில் விழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தன் குரல் தனக்கே கேட்காதவர்கள் பேசுவதுபோல உரக்கச் சொன்னாள்:

“குச்சின்னே உட்டிருக்கலாமுங்க சாமி.”

அவளைச் சேலத்துக்கு வரச்செய்து ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன். சீழ் வற்றியது. காது திரும்பவில்லை. ஊர் கூடி அவளைப் புருஷனிடமிருந்து பிரித்து அண்ணனோடு அனுப்பியது. அடுத்த தையிலேயே அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான்.

மறு வருஷம் முகாமுக்குப் பெயர் கேட்டபோது, மலைக்காய்ச்சலைக் காரணம் காட்டி ஒதுங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகும் அப்படிக் கிழிந்த காதுகளோடு எத்தனையோ பெண்கள் வந்தார்கள். மாடு முட்டியது என்பார்கள், வழுக்கி விழுந்தேன் என்பார்கள். சரியம்மா என்று பஞ்சு வைத்து, அதே ஆளோடு அனுப்பினேன். அவர்களுக்கு வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை.

சில வருஷம் கழித்து அந்த அண்ணன் மிளகு விற்கச் சேலம் வந்தவன் என்னையும் பார்க்க வந்தான். எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். சாமைக் காட்டில் நன்றாக வேலை செய்கிறாள் என்றான். கூப்பிட்டால்தான் திரும்புவதில்லையாம். அதனால் வீட்டுப் பிள்ளைகள் அவள் முதுகில் சின்னக் கல்லாகப் பார்த்து எறிந்து கூப்பிடுகிறார்களாம்.