அலமாரி மேல் ஒரு மணப்பெண்

வெள்ளைக்காரன் எடுத்த படங்களில் எனக்குக் கதை சொல்ல முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றுதான் என் மகளைப் பெட்டியோடு என் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது. அதனால் அந்தப் படத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அதைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் மேல் அதைவிடக் கோபம் உண்டு.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கருங்கல் என்கிற ஊரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். குழாய் ஸ்பீக்கரைத் தலையில் சுமந்துகொண்டு தென்னையில் ஏறிக் கட்டினவன், பிறகு சொந்தமாக ஆம்பிளிஃபயர் வாங்கினேன், ஜெனரேட்டர் வாங்கினேன், டிவிடி வந்த காலத்தில் எங்கள் பக்கத்தில் முதல் ஆளாகப் புரொஜெக்டரும் வாங்கினேன். யாரும் தூக்கிவிடவில்லை. மண்டைக்காட்டு அம்மன் கொடைக்கும் என் செட்டு போயிருக்கிறது, கடற்கரையில் மாதா கோவில் திருநாளுக்கும் போயிருக்கிறது. அம்மனும் மாதாவும் என் குழாய் வழியாகத்தான் ஊரைக் கூப்பிட்டார்கள்.

செட்டு எல்லோரிடமும் இருந்தது. என்னிடம் வாயும் இருந்தது. அதுதான் வித்தியாசம்.

திருநாள் முடிந்த மறுநாள் மணலில் திரை கட்டிப் படம் போடுவது கடற்கரையில் வழக்கம். கப்பல், பெரிய பாம்பு, சண்டை என்று ஆங்கிலப் படம்தான் பிள்ளைகள் கேட்கும். பேச்சு யாருக்கும் விளங்காது. நான் மைக்கைப் பிடித்துப் படம் ஓட ஓடத் தமிழில் கதை சொல்வேன். ஆங்கிலம் எனக்கும் தெரியாதுதான். ஆனால் என்னிடம் ஒரு வழி இருந்தது. படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் யார் யாருக்கு என்ன முறை என்று பிடித்துவிட வேண்டும். இவன் அண்ணன், அவன் தம்பி, இவள் மாமன் மகள், தாடிக்காரன் சொத்துக்கு வந்தவன். முறை பிடிபட்டால் கதை பிடிபட்ட மாதிரி. ஆகாயத்தில் பறக்கிறவனுக்கும் ஒரு மாமன் இல்லாமலா போவான்? மீன் விற்கும் பெண்கள் திருநாள் கமிட்டிக்காரர்களை வழிமறித்து, “அந்த வாயாடியக் கூப்பிட்டாச்சா? அவரு இல்லண்ணா நாங்க படத்துக்கு வரல்ல” என்று சொல்லியிருக்கிறார்கள். பட்டம் வாங்கின எத்தனை பேருக்கு இந்தப் பெயர் கிடைத்திருக்கிறது?

படிக்காத குறை என் மகளுக்கு வரக் கூடாது என்று அவளை பி.எஸ்ஸி. படிக்க வைத்தேன். மாப்பிள்ளையும் படித்தவராகத்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, திருவட்டாற்றில் ஒரு தனியார் கல்லூரி ஆங்கில விரிவுரையாளரைப் பார்த்து முடித்தேன். வளைகுடாவில் வேலை செய்கிற ஒரு பையனைத்தான் என் மனைவிக்குப் பிடித்திருந்தது.

“கல்ஃபுக்காரன் ரெண்டு வருசத்துக்கு ஒருக்காதான் வருவான். வாத்தியாரு தெனமும் வீட்டுக்கு வருவாரு. வந்து நம்மளப் படிப்பிப்பாரு, பாத்துக்கிடுங்க” என்றாள்.

“ஏட்டி, நீ பேசாம இரி” என்றேன். சில நேரம் அவள் சொல்வது பலித்துத் தொலைக்கும்.

மாப்பிள்ளைக்கு ஒரு சினிமா சங்கம் இருந்தது. கல்லூரி வாத்தியார்கள் சிலர், ஒரு பாங்கு குமாஸ்தா, ஒரு ஹோமியோ டாக்டர். மாதம் ஒரு ஞாயிறு மதியம், டியூஷன் சென்டர் ஹாலில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி வெளிநாட்டுப் படம் போடுவார்கள். மாப்பிள்ளை கேட்டால் இல்லை என்று சொல்ல முடியுமா? செட்டோடு நானே போனேன். முதல் நாள் போட்ட படம்தான் இந்தப் பாழாய்ப்போன படம்.

படம் தொடங்கியதும் ஸ்பீக்கரில் “ம்ம்ம்” என்று ஒரு இரைச்சல். எங்கள் தொழிலில் அதை ஹம் என்போம். எர்த் சரியில்லை என்றால் வரும். அது வந்தால் சவுண்ட்காரனுக்கு மானம் போன மாதிரி. படத்தை நிறுத்தி வயரை மாற்றினேன். போகவில்லை. மறுபடி நிறுத்தி ஆம்பிளிஃபயரையே மாற்றினேன். வேர்த்துக் கொட்டியது. அப்போதுதான் மாப்பிள்ளை பைய என் பக்கத்தில் வந்தார்.

“மாமா, அது நம்ம செட்டுக்க சத்தம் இல்ல. படத்துக்க சத்தம்.”

“படத்திலயே ஹம்மா?”

“டைரக்டர் வேணும்ணு வச்சது மாமா. அதுதான் படத்துக்க உயிரே.”

வாழ்நாள் முழுக்க நான் எதை ஒழிக்கப் பாடுபட்டேனோ, அதை ஒருவன் காசு செலவழித்து உண்டாக்கி வைத்திருக்கிறான். அதற்கு அவனுக்குப் பரிசு வேறு கொடுத்திருக்கிறார்கள்.

சரி, கதையைப் பிடிப்போம் என்று உட்கார்ந்தேன். ஒரு கல்யாணப் பெண் வெள்ளை உடுப்போடு ஒரு பெரிய அலமாரியின் மேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கிறாள். உரித்தால் உள்ளே சுளை இல்லை, நனைந்த தீப்பெட்டி. தபால்காரன் ஒருவன் ஆளில்லாத தெருவில் வீடு வீடாக மீன் கொடுத்துக்கொண்டு போகிறான். வயல் நடுவில் சுவரே இல்லாமல் ஒரு கதவு மட்டும் நிற்கிறது. அதற்கு முன்னால் கோட்டு போட்ட கனவான்கள் வரிசையில் நிற்கிறார்கள். கோட்டு போட்ட ஒரு ஆடும் நிற்கிறது. யாரும் யாரோடும் பேசுவதில்லை. யார் யாருக்கு என்ன முறை? தபால்காரன் அவளுக்கு அண்ணனா, புருஷனா? ஆடு யாருடைய ஆடு? ஒன்றும் இல்லை. விளக்கைப் போட்டதும் எல்லோரும் தியானத்தில் இருந்து எழுந்தவர்கள் மாதிரி மூச்சு விட்டார்கள். பாங்கு குமாஸ்தா கண்ணைத் துடைத்தார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, கொட்டாவியால்.

அதற்குப் பிறகு அதைவிட நீளமாகப் பேச்சு. குறியீடாம், நனவிலியாம், படிமமாம். மீன் என்றால் மீன் இல்லையாம். குளச்சல் மீன் சந்தையில் போய் இவர்கள் இதைச் சொல்ல வேண்டும்.

இப்படி ஒரு வருஷம் போனது. ஒரு காலையில் என் மகள் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

“அடிச்சாரா?”

“இல்லப்பா.”

“குடியா?”

“சே, இல்ல.”

“பிறவு?”

“படம்” என்றாள்.

என் மனைவி அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அதன் பிறகுதான் மீதி வந்தது.

“படம் முடிஞ்ச உடனே உங்க மாப்பிள பரீட்ச வைக்காவ அப்பா. ‘என்ன தோணுச்சு?’ண்ணு கேக்காவ. தோணினத சொன்னா, ‘அது மேலோட்டமாட்டு இருக்கு’ங்காவ. ஒண்ணும் தோணல்லண்ணு சொன்னா அண்ணைக்கு முழுக்க ஒரு வார்த்த மிண்ட மாட்டாவ. போன வாரம் சங்கத்துக் கூட்டுக்காரங்க அந்த அலமாரிப் படம் பாக்க வீட்டுக்கு வந்தப்ப, ‘இவளுக்கு இதெல்லாம் மனசிலாவாது, இவளுக்க அப்பா சவுண்ட் சர்வீஸ்’ண்ணு சொல்லிச் சிரிச்சாவ. எல்லாரும் சிரிச்சினும். நான் காப்பி கொடுத்திட்டு நின்னேன்.”

“சரி மக்களே, நான் பேசுதேன்.”

“நீங்க பேசண்டாம். நான் சொல்லுதத அவிய ஒருக்கா காது குடுத்துக் கேட்டா நான் போறேன். இல்லண்ணா நான் இங்கதான் இருப்பேன்.”

அவள் ஒரு முடிவு சொன்னால் மாற்ற மாட்டாள். அந்தக் குணம் என்னுடையது. என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். நான் படிக்காததற்கு, பட்டம் வாங்கின என் பிள்ளை காப்பித் தட்டோடு நின்றிருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை போன் செய்தார்.

“மாமா, ஞாயிற்றுக்கிழமை செட்டு வருமா?”

“வரும்.”

பிறகு, “அவ ஒழுங்காட்டு சாப்பிடுதாளா மாமா?” என்று கேட்டார். எனக்கு இன்னும் எரிச்சலாகத்தான் வந்தது. அதை அவளிடம் கேட்டால் என்ன?

அந்த ஞாயிறும் அதே படத்தைத்தான் போடப் போகிறார்களாம். திரும்பப் பார்க்கும்போதுதான் அது திறக்குமாம். பிரிக்காத பார்சலா அது?

“நீயும் வா மக்களே” என்று மகளைக் கூப்பிட்டேன். “இந்தப் படத்துக்க உள்ள ஒரு மண்ணும் இல்லண்ணு அவியளுக்க முன்னாலேயே நான் காட்டித் தாரேன்.”

அவள் வந்தாள். எனக்காக வந்தாளா, அவரைப் பார்க்க வந்தாளா என்பது தெரியாது. ஆம்பிளிஃபயர் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்ததும் பேச வந்த முன்னுரை தடுமாறியது. குறியீடு என்ற சொல்லை அன்றைக்கு அவர் ஒழுங்காகச் சொல்லவே இல்லை.

விளக்கை அணைத்தேன். ஹம் தொடங்கியது. நான் மைக்கைப் போட்டேன்.

“அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே! அலமாரி மேல இருக்கிய இந்தப் பெண்கொச்சுதான் கதாநாயகி. கீழ எறங்க மாட்டேங்குதா. ஏன் எறங்க மாட்டேங்குதா? மாமியாரக் கண்டு பேடி!”

ஹோமியோ டாக்டர் குபீரென்று சிரித்துவிட்டார். மாப்பிள்ளை எழுந்தார். “மாமா, மைக்க நிறுத்துங்க.”

“மாப்பிளே, நீங்க கேட்டது செட்டு. வாயி எனக்க சொந்தம்.” அதையும் மைக்கிலேயே சொன்னேன். “இன்னா வாரான் பாருங்க தபால்காரன். இவன் பெண்ணுக்க சொந்த அண்ணன். பொறந்த வீட்டு மீனு கொண்டு வாரான். எந்த வீட்டுலயும் தங்கச்சியக் காணல்ல. காணாது! அவதான் அலமாரி மேல ஒளிஞ்சிருக்காளே! வரிசைல நிக்கது பஞ்சாயத்துக்காரங்க. ஆடு, பெண்ணுக்க மாமனாரு!”

ஹாலே சிரித்தது. பாங்கு குமாஸ்தாகூட. எனக்குக் கடற்கரை மணலில் நிற்கிற மாதிரி இருந்தது. அப்போதுதான் பக்கத்தில் இருந்து குரல் வந்தது.

“அப்பா, அது தப்பு.”

மைக் அதையும் பிடித்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

“எது மக்களே தப்பு?”

“அவ ஒளிஞ்சிருக்கல்ல. அவள அங்க கொண்டு வச்சிருக்கு. ஏறவோ எறங்கவோ படத்துல ஒரு எடத்துலயும் ஏணி இல்ல, பாத்தியளா?”

“ஏணி இருக்கு” என்றார் மாப்பிள்ளை. பெட்டியோடு அவள் இறங்கிப் போன பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். “கடைசில தபால்காரன் முதுகில சுமந்துகிட்டு வாரான்லா?”

“அது ஏணி இல்ல. கட்டிலுக்க சட்டம்.”

“எப்படிச் சொல்லுத?”

“நீங்க எப்படி ஏணிண்ணு சொல்லுதிய?”

“மக்களே, ஏணியோ கட்டிலோ, கதை என்னண்ணா…” என்று நான் தொடங்கினேன்.

“அப்பா, ஒரு நிமிசம் மிண்டாம இரியுங்க!”

“மாமா, பிளீஸ்!”

இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். என் செட்டு, என் மைக், நான் பெற்ற மகள், நான் தேடிப் பிடித்த மாப்பிள்ளை. மாப்பிள்ளை ரிமோட்டை எடுத்துப் படத்தை ஓடவிட்டு அந்த இடத்தில் நிறுத்தினார். இரண்டு பேரும் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று விரல் வைத்துக் காட்டிக் காட்டிச் சண்டை போட்டார்கள். குறுக்குச் சட்டங்களுக்கு இடைவெளி அதிகம், கால் வைத்து ஏற முடியாது என்றாள் அவள். அது கனவு, கனவில் இடைவெளி அப்படித்தான் இருக்கும் என்றார் அவர். “அப்ப கனவுண்ணா என்ன வேணும்ணாலும் சொல்லலாமா? நான் சொன்னா மட்டும் மேலோட்டமா?” என்றாள். அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். “அண்ணைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார். எதைச் சொல்கிறார் என்று கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். அவர்களும் அன்றைக்குச் சிரித்தவர்கள்தானே.

“அது இருக்கட்டும். ஏணியா, சட்டமா?” என்றாள் என் மகள்.

சண்டை முடியாமலே அவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறித் திருவட்டாற்றுக்குப் போய்விட்டாள். நான் வயர் சுருட்டினேன். போயிட்டு வாரேன் என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லத் தோன்றவில்லை அவளுக்கு.

மறுநாள் போன் வந்தது. மன்னிப்பு கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

“அப்பா, டிவிடி உங்க பிளேயருக்கு உள்ள மாட்டிக் கெடக்கு. வரும்போ எடுத்திட்டு வாங்க. எனக்க பெட்டியையும்.”

முதலில் டிவிடி. பெட்டி பிறகு. போனேன். வாசலில் மாப்பிள்ளை டிவிடியை வாங்கிக்கொண்டார், பெட்டி என் கையிலேயே இருந்தது. இரண்டு பேரும் டிவி முன்னால் போய் உட்கார்ந்தார்கள். ஹம் தொடங்கியது. அவள் ஒரு பக்கம் நிறுத்தச் சொன்னாள், அவர் ஒரு பக்கம் ஓடவிடச் சொன்னார். எனக்கு டீ வேண்டுமா என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

“அப்பா, இங்க கமெண்டரி கெடையாது, கேட்டியளா?” என்றாள் திரும்பாமலே.

பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் வாயைத் திறக்காமல் பார்த்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு படம் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அதில் ஒன்றும் இல்லை என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் கிடையாது. அலமாரி, ஆடு, நனைந்த தீப்பெட்டி, அவ்வளவுதான். அந்தத் தபால்காரன் முதுகில் இருப்பது கட்டில் சட்டமும் இல்லை, ஏணியும் இல்லை. ஆயிரம் பந்தல் கண்டவன் நான். அது பந்தல் போடுகிற கழிகளைச் சேர்த்துக் கட்டின தட்டி. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்டால் சொல்லியிருப்பேன். யார் கேட்டார்கள்?