வெள்ளைப் பூ வந்தால் கம்பி

நான் வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் என் முன்பற்கள் வந்து சேர்ந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். இங்கே மலையாளத்தில் தேங்காய்த் துருவிக்குச் சிரவை என்று பேர். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாவது வரைக்கும் எனக்கும் அதுதான் பேர். அதற்காக நான் அழுததில்லை. சிரவை இல்லாமல் மட்டாஞ்சேரியில் எந்த வீட்டில் சமையல் நடக்கும் என்று திருப்பிக் கேட்பேன். அந்தப் பல்லோடுதான் மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்தப் பல்லோடுதான் பெண் பார்க்கப் போனேன், பெண்ணும் சம்மதித்தாள். எப்படிச் சம்மதித்தாய் என்று பிற்பாடு கேட்டதற்கு, "அன்னிக்கு நீங்க வாயே திறக்கலையே" என்றாள்.

மகளுக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்தபோது அது அச்சாக என் பல்லாகவே முளைத்தது. வீட்டில் எல்லோரும் அடடா என்றார்கள். நானும் அடடா என்றேன், ஆனால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். நிறம் அம்மா, கண் அம்மா, கணக்குப் போடுகிற மூளையும் அம்மா. என் பங்குக்கு அந்தக் குழந்தையிடம் இருந்தது பல் ஒன்றுதான். கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனால் சாயாக்கடைச் சேட்டன் அவளைப் பார்த்துவிட்டு, "அச்சன்றெ மோள் தன்னே" என்பார், அப்பா பெண்ணேதான் என்று. எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அன்றைக்குச் சாயாவோடு ஒரு பழம்பொரியும் வாங்குவேன்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது ஆனதும் என் மனைவி அவளைக் கலூரில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, பொறுமைசாலி. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு விளக்கினாள்: குழந்தையின் தாடை சின்னது, பல் பெரியது, பல்லுக்கு உட்கார இடமில்லை. மேலே இரண்டு, கீழே இரண்டு, ஆக நாலு பல்லை எடுத்துவிட்டுக் கம்பி போட வேண்டும், இரண்டு வருஷம் ஆகும், தள்ளிப்போட வேண்டாம். தாடை அம்மாவைக் கொண்டிருக்கிறது, பல் அப்பாவை என்றும் சொன்னாள். என் மனைவி, பல நாள் வழக்கில் தீர்ப்பு வந்ததுபோல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பஸ் தோப்பும்படி தாண்டுவதற்குள் சண்டை ஆரம்பமாகிவிட்டது.

"சொத்தையா, ஆட்டமா? நல்ல பல்லு நாலைப் பிடுங்கிப் போடுவாளாம். பல்லு போனா சொல்லு போச்சுன்னு தெரியாதா?" என்றேன்.

"போற சொல்லு போகட்டும். குழந்தைக்கு வாய் மூடணும்" என்றாள். "உங்களுக்கும் சேத்துப் போடுவாளான்னு கேட்டுண்டு வரட்டுமா?"

அடுத்த இரண்டு வாரம் வீட்டில் வேறு பேச்சு இல்லை. கம்பிக்குள் சோறு மாட்டும் என்றேன். தேய்த்தால் போகும் என்றாள். குழந்தைக்கு வலிக்கும் என்றேன். அதில் மட்டும் பொய்யில்லை, ஆனால் அதுதான் காரணம் என்று சொன்னால் அது பொய். பல் வரிசையில் நின்றுவிட்டால் அந்த முகத்தில் நான் எங்கே இருப்பேன் என்பதுதான் என் கவலை. நாற்பத்தாறு வயது மனுஷன் இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். சாதத்தைப் பிசைவாள், எழுந்து போய்க் கை கழுவுவாள்.

கடைசியில் என் மனைவி, "பூக்கட்டிப் பாத்துடலாம்" என்றாள்.

எங்கள் வீட்டில் வழக்கு முற்றினால் இதுதான் மேல்கோர்ட்டு. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் மடித்துச் சாமிக்கு முன்னால் வைத்து, விவரம் தெரியாத ஒரு குழந்தையிடம் ஏதாவது ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வது. வீடு மாறியது, மகளைச் சேர்த்த பள்ளிக்கூடம், எல்லாம் இப்படித் தீர்ந்ததுதான். வெள்ளை வந்தால் கம்பி, சிவப்பு வந்தால் வேண்டாம் என்று முடிவானது. பொட்டலம் மடிக்கிற வேலை என்னிடம் வந்தது. ஆபீசில் இருபது வருஷமாக மிளகு சாம்பிள் மடிக்கிற கை இது. ஒரு மணி சிந்தாது.

வெள்ளிக்கிழமை காலையில் மாடித் தொட்டியிலிருந்து ஒரு வெள்ளை நந்தியாவட்டையும் ஒரு சிவப்புத் தெச்சியும் பறித்தேன். அப்புறம் இன்னொரு தெச்சியும் பறித்தேன். நந்தியாவட்டையைத் தொட்டி மண்ணிலேயே போட்டுவிட்டு, இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே மடித்துச் சாமி அலமாரியில் வைத்தேன். சாமிக்கு வீண் சிரமம் வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குளிக்கப் போனேன். வெந்நீர் அன்றைக்கு வழக்கத்தைவிடச் சுகமாக இருந்தது.

குளித்துவிட்டு வந்தபோது கீழ் வீட்டு குஜராத்திக் குடும்பத்தின் நாலு வயதுப் பெண் குழந்தையை என் மனைவி தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அது எங்களோடு குஜராத்தியில் பேசும், நாங்கள் தமிழில் பேசுவோம், காரியம் ஆக வேண்டுமானால் இரண்டு கட்சியும் மலையாளத்துக்கு வரும். "ஒந்நு எடுக்கு மோளே" என்றாள் மனைவி. குழந்தை இரண்டையும் எடுத்துக்கொண்டது. எனக்கு வியர்த்துவிட்டது. மனைவி இரண்டையும் பிரித்தாள் என்றால் என் பிழைப்பு நாறிவிடும். ஒன்று போதும் என்று குழந்தையின் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். மற்றதை என் மனைவி வாங்கிப் பிரித்தாள்.

உள்ளே நந்தியாவட்டை.

"கேட்டேளா, பகவானே சொல்லிட்டார்" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல் நின்றேன். அது வெள்ளையாக இருக்க முடியாது என்று எனக்கு மட்டும்தான் தெரியும், அதை வெளியே சொல்லவும் என்னால் முடியாது. ஒரு நிமிஷம் எனக்கு உண்மையாகவே மயிர்க்கூச்செறிந்தது. வாழ்நாளில் அவ்வளவு பக்தியோடு நான் கும்பிட்டதில்லை.

அப்புறம்தான் மனைவி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன். நான் பொட்டலத்தின் நுனியை வலப்பக்கம் சொருகுகிறவன். இது இடப்பக்கம் சொருகியிருந்தது. எங்கள் வீட்டில் இடக்கைக்காரி ஒருத்திதான்.

மடியில் இருந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மகள் ஸ்கூல் பையில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் எதிரிலேயே பிரித்தேன். இதிலும் நுனி இடப்பக்கம்தான், ஆனால் உள்ளே தெச்சி இருந்தது.

"நீயா மாத்தினே?"

தலையை ஆட்டினாள். "என்ன வரும்னு பாக்காம இருக்க முடியலை. அப்பா குளிக்கப் போனப்போ பிரிச்சுப் பாத்தேன். ரெண்டும் செவப்பு." குரலில் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "தொட்டியிலே வெள்ளை கிடந்தது. ஒண்ணை மாத்தினேன்."

"ஒண்ணைத்தானே மாத்தியிருக்கே? ரெண்டையும் வெள்ளையாக்கியிருக்கலாமே."

"அப்படித்தான் நெனைச்சேன். அப்பறம் அப்பா பண்ணினாப்பலே ஆயிடுமேன்னு விட்டுட்டேன்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. வெறும் வெட்கம், அதைக் கேலி பண்ணி ஒதுக்கவும் வரவில்லை.

"உனக்குக் கம்பி வேணுமா?" என்று கேட்டேன். இரண்டு வாரத்தில் எங்களில் ஒருவர் அவளிடம் இதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வாயை மூடினா உதடு சேர மாட்டேங்கறதுப்பா. போட்டோ எடுக்கறச்சே பிடிச்சு வெச்சுக்கணும், வலிக்கும். க்ளாஸ்ல நான் சிரிக்கறதே இல்லை."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"அப்பாவோட பல்லுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிண்டு சந்தோஷமா இருக்கேளே. எப்படிச் சொல்றது?"

என்னைச் சிரவை என்று கூப்பிட்டவர்களை எல்லாம் நான் வாயால் ஜெயித்தேன். இவளும் ஜெயிப்பாள் என்று நினைத்திருந்தேன். பல்லைக் கொடுத்த நான் அந்தத் தடித்த தோலைக் கொடுக்கவில்லை என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு தயங்கி, "நாலு பல்லு எடுப்பாளே, வலிக்குமாப்பா?" என்று கேட்டாள்.

எறும்பு கடிச்சாப்பலே இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வலிக்கும்" என்றேன். அன்று காலையில் எழுந்ததிலிருந்து நான் சொன்ன முதல் உண்மை அது.

அவள் கொஞ்சம் யோசித்தாள். சரி, இன்றைக்கே டாக்டருக்குப் போன் பண்ணுங்கோ என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.