சொந்த விதை

அண்ணன் இருந்தார். அண்ணி இருந்தார். நான் இருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர். விழுப்புரத்தில் அவருடைய அறை. பழைய மஞ்சள் காமாலை உள்ளேயே தங்கி அண்ணனின் ஈரலைச் சுருக்கிவிட்டது, வயிறு வீங்கியிருப்பதும் அதனால்தான் என்றார்.

இரண்டு வழி சொன்னார். என் ஈரலில் ஒரு பங்கை அறுத்து அண்ணனுக்கு வைப்பது ஒன்று. நான் முன்பே சரி சொல்லியிருந்தேன், ரத்தமும் பொருந்தியிருந்தது. இன்னொன்று சென்னையில் ஆராய்ச்சியாகச் செய்வது. அண்ணனின் இடுப்பெலும்பில் இருந்தே ஸ்டெம் செல் எடுத்து, அவர் ஈரலுக்குள் குழாய் வழியாக விடுவார்கள். அது ஈரலைத் தேற்றலாம்.

"கேரண்டி இல்ல. நான் தம்பியோடதத்தான் சொல்லுவேன்" என்றார் டாக்டர்.

"அறுத்தா இவனுக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?" என்றார் அண்ணன்.

"பெரும்பாலும் ஆகாது."

வேண்டாம் என்று சொல்ல அந்தப் 'பெரும்பாலும்' அண்ணனுக்குப் போதுமானதாக இருந்தது.

பெருமுக்கல் பக்கம் எங்களுக்கு மல்லாட்டை நிலம், வேர்க்கடலைதான் போடுவோம். அண்ணன் வெளியே விதை வாங்கமாட்டார். காய் காய்ந்ததும் நல்லதாகப் பொறுக்கி, விற்பதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுவார். மழை பொய்த்த வருடமும் அதில் கை வைக்கவில்லை. ஸ்டெம் செல்லையும் அப்படியே நினைத்துக்கொண்டார்.

"என்னுதே எங்கிட்ட இருக்குது. அடுத்தவன் வெதை எதுக்கு?"

"நான் அடுத்தவனாண்ணா?" என்றேன்.

அண்ணி விடவில்லை. "நோவு வந்த செடியில வெதை எடுப்பியாய்யா நீ? பேச வந்துட்ட."

டாக்டர் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. "இவனுக்குப் புள்ளைங்க சின்னது" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

சென்னையில் செய்துகொண்டு திரும்பும்போது திண்டிவனத்தில் இறங்கி, பன்னீர் சோடா வேண்டும் என்று கேட்டு வாங்கிக் குடித்தார். அப்புறம் வயிற்று வீக்கம் வடிந்தது. மார்கழிப் பட்டத்துக்கு வரப்பில் வந்து நின்றார். "ஆழமாப் போடாதடா, மொளைக்காது" என்று என்னைத் திட்டினார். அவர் திட்டிக் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. நன்றாக இருந்தது. தேறியது ஸ்டெம் செல்லாலா, மாத்திரையாலா என்று டாக்டரைக் கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது என்றார்.

காய் பிடிக்கிற சமயத்தில் வயிறு மறுபடி ஊதியது. என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரிடம் ஓடினேன். இனி அறுத்தால் அண்ணனின் உடம்பு தாங்காது என்றார். மல்லாட்டை பிடுங்கும்போது அண்ணன் இல்லை.

நான் சாப்பிட உட்கார்ந்தால் அண்ணி இன்றும் சொல்வார். "நல்லாத் துன்னு. அந்தாளு வேணாம்னு உனுக்கே உட்டுட்டுப் போன ஈரலு."

என் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. போகும்போது அண்ணனுக்கு வயது நாற்பத்தொன்பது. எனக்கு இப்போது ஐம்பத்தாறு.