செவ்வாய்க்கிழமைக் கல்யாணம்

நாங்கள் கல்யாணத்துக்குப் புறப்படுவதென்றால், அம்மா போடும் சத்தம் எங்கள் அடுக்குமாடியின் கீழே கார் நிற்கும் இடம்வரை கேட்கும். பள்ளி விடுமுறையில் அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அம்மா பட்டுச்சேலை கட்டினார். எனக்குப் பட்டுப்பாவாடை, அண்ணனுக்கு ஜிப்பா. அப்பா கார்ச் சாவியோடு, பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

நாங்கள் போனது கல்யாணத்துக்கு இல்லை, கிள்ளானில் ஒரு கிளினிக்குக்கு.

அண்ணனுக்கு அப்போது பதினாறு வயது, பள்ளியில் படிவம் நான்கு. கொஞ்ச காலமாக அவன் சட்டையில் சைக்கிள் கடை வாசனை அடித்தது. சைக்கிள் ரிப்பேர் கற்றுக்கொள்கிறான் என்று நான் பெருமைப்பட்டிருந்தேன். அவன் சைக்கிள் டியூப் ஒட்டும் கம்மை மோந்து போதையில் கிடக்கிறான் என்பது, பள்ளி ஆலோசக ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அப்பா, இது காத்துக்கருப்பு வேலை என்று முடிவுகட்டி, மேரு என்ற ஊரில் ஒரு சாமியாடியிடம் கூட்டிப்போய்க் கயிறு கட்டியிருந்தார். கயிறு என்னவோ கையில் பத்திரமாக இருந்தது. அண்ணன்தான் சாப்பாடும் பேச்சும் இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

போதாக்குறைக்கு அம்மா குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். கேட்டால் துருப்பிடித்துவிட்டது என்றார். யாரும் உள்ளே வந்துவிடக் கூடாதே என்று நான் பாடிக்கொண்டே குளிக்க வேண்டியிருந்தது.

பிள்ளைகளிடம் தனியாகப் பேசி உதவ அந்தக் கிளினிக்கில் ஆள் இருக்கிறது என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அப்பா நம்பவில்லை.

“அங்க போனா யூரின் டெஸ்ட்டு எடுப்பாங்க. அப்புறம் போலீஸு, லாக்கப்பு. புள்ளைய நம்மளே கொண்டுபோய்க் குடுக்கணுமா?”

“வீட்டுல வச்சிருந்தா மட்டும்?” என்றார் அம்மா. போலீஸ் என்று கேட்டதிலிருந்து நான் அண்ணன் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் பயந்தபடியே படிக்கட்டில் பக்கத்து வீட்டு ஆன்டி எதிரே வந்தார்.

“என்னா காலையிலேயே பட்டு? எங்க கல்யாணம்?”

“ஷா ஆலம்ல, ஆன்டி.”

“செவ்வாக்கிழமையிலயா?”

“ரெஜிஸ்டர் மேரேஜ்லா, ஆன்டி,” என்றார், அதுவரை பொய்யே சொல்லத் தெரியாது என்று நான் நம்பியிருந்த என் அம்மா.

கிளினிக் வாசலில் அப்பா இறங்கவில்லை. எஞ்சினை நிறுத்தாமல், ஏதாவது என்றால் ஓடிவந்துவிடுங்கள் என்றார். உள்ளே இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட இருமலை நிறுத்திவிட்டு எங்கள் பட்டு உடைகளையும் மல்லிகைப்பூவையும் பார்த்தார்கள். நான் அண்ணனின் ஜிப்பா நுனியை இறுகப் பிடித்திருந்தேன். சீருடை போட்ட காவலாளி ஒருவர் எங்களைக் கடந்து போனார். அண்ணனைக் கூட்டிப்போக வந்துவிட்டார்கள் என்று நினைத்து அவனை இன்னும் ஒட்டி நின்றேன்.

ஓர் அறைக் கதவு திறந்து, இளம்பெண் ஒருவர், “தம்பி, உள்ள வாங்க,” என்றார். நான் அண்ணனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கத்தினேன்.

“எங்க அண்ணன போலீஸ்ல குடுக்காதீங்க!”

மொத்தக் கூட்டமும் திரும்பியது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த அக்கா என் பக்கத்தில் குனிந்தார்.

“இங்க போலீஸ் இல்ல பாப்பா. அண்ணன் என்கூட பேசிட்டு உங்களோடதான் வீட்டுக்கு வருவாரு. ஓகேவா?”

நான் நம்பவில்லை. அண்ணன்தான் என் விரல்களை மெதுவாகப் பிரித்தான்.

“விடு. நான்தான் வரேன்னு சொன்னேன்.”

கதவு சாத்திக்கொண்டது. அது மறுபடி திறக்கும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை. வெளியே வந்தபோது அண்ணனின் கண்கள் சிவந்திருந்தன. காரில் ஏறியதும் “பசிக்குது” என்றான். அப்பா ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு வண்டியைத் திருப்பினார். நால்வரும் பட்டும் ஜிப்பாவுமாக உட்கார்ந்து சாப்பிட்டதில், அம்மாவின் பொய் பாதி உண்மையாகிவிட்டது.

பள்ளி திறந்த பிறகும் செவ்வாய்க்கிழமைகளில் அண்ணன் அங்கே போய்வந்தான், சீருடையிலேயே. எத்தனையோ மாதம் கழித்து ஒரு மத்தியானம், அப்பா குளியலறைக் கதவில் தாழ்ப்பாளை மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் திருகாணிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அது பழைய தாழ்ப்பாள்தான், துருவே இல்லை. அண்ணனைப் போலீஸ் கொண்டுபோய்விடும் என்று மட்டுமே எனக்குப் பயந்துகொள்ளத் தெரிந்திருந்தது. அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு அவன் தன் உயிரை மாய்த்துக்கொள்வானோ என்று அம்மா நாளெல்லாம் பயந்துகொண்டிருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

இனிமேல் பாடாமல் குளிக்கலாம் என்ற சந்தோஷத்தில், தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தேன். சமையலறையில் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாயசம் கிண்டிக்கொண்டிருந்தார். யாருக்குப் பிறந்தநாள் என்று போய்க் கேட்டேன்.